நான் விற்க மறுத்த ஆறு சிலிண்டர்

முப்பது வருஷம் வண்டி விற்றுப் பிழைத்தவன் நான். அதில் ஒரே ஒரு முறை, ஒரு காரை ஒரு மனிதன் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக என் அனுபவம் அத்தனையையும் திரட்டிப் பாடுபட்டேன். விற்பதற்காக எந்த நாளும் அவ்வளவு பாடுபட்டதாக ஞாபகம் இல்லை. அந்த மாதமும் சம்பளம் சரியாக ஒன்றாம் தேதி வந்தது. வாங்கிக்கொண்டேன்.

இதை வெளியில் சொல்லும் உத்தேசம் எனக்கு இருந்ததில்லை. போன மாதம் பழைய ஷோரூமிலிருந்து சங்கீதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள், கெட்டிக்காரி. "சார், இப்ப வர்றதெல்லாம் பேட்டரி வண்டி. எஞ்சினே கிடையாது. கஸ்டமருக்குத் தேர்ந்தெடுக்கக் கலர் ஒண்ணுதான் மிச்சம். நீங்க எஞ்சின் காலத்து ஆளு. டெஸ்ட் டிரைவ் எப்படிக் குடுக்கணும்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க, புதுசா சேர்ந்தவங்களுக்குப் படிக்கக் குடுக்கறேன்" என்றாள். கற்காலம், உலோகக் காலம் என்பதுபோல எஞ்சின் காலம். அருங்காட்சியகத்தில் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் என்னையும் வைக்கலாம்.

எழுதுகிறேன். ஆனால் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதைவிட, எப்படிக் கொடுக்கக் கூடாது என்பதில்தான் எனக்கு ஆழ்ந்த தேர்ச்சி.

தொழில் பழகிய கதை சுருக்கமானது. மன்னார்குடியில் டிராக்டர் விற்றேன். டிராக்டர் வாங்குபவர் ஓட்டிப் பார்க்க மாட்டார். சேற்றில் இறக்கி, அது கரையேறுகிறதா, கூட வந்த நான் கரையேறுகிறேனா என்று பார்ப்பார். பிறகு கும்பகோணத்தில் சின்னக் கார்கள். அங்கே கற்றது, ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஒன்பது பேரை உட்கார வைத்துவிட்டு "இடம் தாராளமா இருக்குல்ல?" என்று கேட்பது. நாற்பத்தேழாவது வயதில் தஞ்சாவூர் பைபாஸில் இருந்த சொகுசுக் கார் ஷோரூமுக்கு வந்து சேர்ந்தேன். டெஸ்ட் டிரைவ் பொறுப்பு. கண்ணாடிக் கட்டடம், உள்ளே எப்போதும் மார்கழிக் குளிர், வெளியே என்னுடைய மொபெட்.

பந்தியில் பரிமாறுகிறவனுக்கும் பசிக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. என் வேலை அப்படிப்பட்டது. வாங்க வந்தவர் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார். நான் இடது பக்கம் உட்கார்ந்து புன்னகைப்பேன். அவர் கால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என் வலது காலும் தானாக மிதிக்கும். என் பக்கம் மிதிக்க ஒன்றும் இல்லை. பதினொரு வருஷத்தில் எத்தனையோ கார்களின் இடது பக்கத்துத் தரைவிரிப்பில் என் குதிகால் அளவுக்கு ஒரு தேய்மானம் விழுந்தது. சர்வீஸ் பிரிவில் அது என்ன நோய் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

நோயின் பெயர் பொறாமை. கடைக்காரருக்கு, டாக்டருக்கு, கண்டிராக்டருக்கு, மாமனார் வீட்டு வண்டியை ஓட்டிப் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு, எல்லோருக்கும் பாரபட்சம் இல்லாமல் பொறாமைப்பட்டேன். ஒருவர் பிரேக்கைச் சரியாகப் போட்டால் பொறாமை. தப்பாகப் போட்டால், இவருக்கெல்லாம் இந்த வண்டியா என்று அதைவிடப் பெரிய பொறாமை.

எங்களிடம் இருந்த செடான் கார் மூன்று எஞ்சின்களில் வந்தது. இரண்டு லிட்டர் பெட்ரோல், இரண்டு லிட்டர் டீசல், மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல். மூன்றுக்கும் உடம்பு ஒன்றுதான். பெட்ரோல் சொன்னபடி கேட்கும். டீசல் சொல்வதற்கு முன்பே கிளம்பிவிடும், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு. சென்னைக்கும் திருப்பூருக்கும் ஓயாமல் ஓடுகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆறு சிலிண்டர் வேறு சாதி. ஸ்டார்ட் செய்தால் சபையில் பெரிய மனிதர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வதுபோல ஒரு சத்தம்; பிறகு மௌனம். மிதித்தால் வேகம் ஏறுவது தெரியாது, புளியமரங்கள் பின்னால் போவதுதான் தெரியும்.

"கூடக் காசு போட்டா வெளியில என்ன தெரியும்?" என்று கேட்பார்கள்.

"பின்னாடி ரெண்டு எழுத்து மாறும் சார்."

"அவ்வளவுதானா?" என்று டீசலுக்குப் போய்விடுவார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும்.

எங்கள் மேனேஜர் ஹாஜா மைதீன், கூத்தாநல்லூர்க்காரர். வளைகுடாவில் இருபது வருஷம் கார் விற்றவர். ஷேக்குகளைப் பார்த்த கண்ணுக்கு எங்கள் மிராசுதார்கள் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எல்லோரையும் ஷேக்குகளைப்போலவே வரவேற்பார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் அவர் பார்வையைவிட அவர் கைக்குட்டைக்குத்தான் பயந்தோம்.

டெஸ்ட் டிரைவுக்கு அவர் வகுத்த முறை ஏறக்குறைய ஒரு பூஜா விதி. வாங்குபவரை முதலில் பின்சீட்டில் உட்கார வைக்க வேண்டும். வல்லம் வரை நாம் ஓட்ட வேண்டும். "நம்ம ஊர்ல கார் வாங்கறவரு பாதி நாள் பின்னாடிதான் உக்காரப் போறாரு கோபால். அந்த எடம் மொதல்ல புடிக்கணும்." அங்கிருந்து அவர் கைக்கு வண்டி மாறும். செங்கிப்பட்டி போய்த் திரும்பலாம். சின்ன எஞ்சின் முதலில், பெரிய எஞ்சின் பிறகு. ஒருபோதும் மாற்றக் கூடாது. அசோகா அல்வா சாப்பிட்டவன் நாக்கில் அடுத்து எதை வைத்தாலும் சப்பென்றுதான் இருக்கும் என்பது அவர் சித்தாந்தம். வேகமானியில் முள் ஏறும்போது வாயைத் திறக்கக் கூடாது. "எஞ்சின் பேசறப்ப நீங்க பேசாதீங்க." மைலேஜ் கேட்டால் டேங்க் எத்தனை லிட்டர் என்று சொல்ல வேண்டும். கேட்டதற்குப் பதில் சொன்னதுபோலவும் இருக்கும், சொல்லாமலும் இருக்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு வெள்ளைப் பலகை. அதில் சுற்றுவட்டாரச் சாலைகளை அவரே கறுப்பு மையில் வரைந்திருந்தார். தினம் காலையில் பால்காரர், பஸ் டிரைவர்கள், டீக்கடை என்று விசாரித்து, எந்தச் சாலையில் நெல் காய்கிறது, எதில் வைக்கோல் கிடக்கிறது, எதில் உளுந்துச் செடி போட்டிருக்கிறார்கள் என்று சிவப்பில் கோடு இழுப்பார். ஜெர்மனியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் போர்க்கள வரைபடமா என்று கேட்டார். ஹாஜா சார் ஆமாம் என்றார்.

எஞ்சின் தேர்வைப் பற்றிச் சொல்லும்போது நன்னிலத்து ரைஸ்மில் முதலாளி ஒருவரை விடக் கூடாது. அவர் ஓட்டவும் இல்லை, உட்காரவும் இல்லை. வல்லம் திருப்பத்தில் தன் காரிலிருந்து இறங்கிச் சாலையோரம் நின்றுகொண்டார். "நீங்க பின்னாடி உக்காந்துக்குங்க. என் டிரைவர் ஓட்டட்டும். ரெண்டு வண்டியிலயும் என்னத் தாண்டிப் போங்க. நான் உள்ள இருக்கறப்ப வெளியில எப்படித் தெரிவேன்னு பாக்கணும்ல" என்றார். அன்றைக்கு ஒரு நாள் நான் முதலாளியாகப் பின்சீட்டில் சாய்ந்து அவரைத் தாண்டிப் போனேன். அவர் நின்று பார்த்த பார்வையில் லேசாகப் பொறாமை தெரிந்தது. என் உத்தியோக வாழ்க்கையின் பொற்காலம் அந்த எட்டு விநாடிகள். அவர் டீசல் வாங்கினார். ஆறு சிலிண்டரில் நான் வேகமாகப் போய்விட்டேனாம். சரியாகப் பார்க்க முடியவில்லையாம்.

அந்த ஆறு சிலிண்டர் டெமோ வண்டி எங்கள் கிளைக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. கருநீலம். டெமோ வண்டி என்றால் ஓட்டிப் பார்க்க மட்டும் வைத்திருப்பது. காலையில் எஞ்சினைச் சூடாக்குவது என் கடமை. மற்ற வண்டிகளை நின்ற இடத்திலேயே சூடாக்கினேன். இதை மட்டும் மருத்துவக் கல்லூரி சாலை வரை கொண்டுபோய்ச் சூடாக்கினேன். வேறு யாராவது அதன் சீட்டை நகர்த்திவிட்டால் எனக்கு அன்றைக்கு முழுதும் மனசு சரியாக இருக்காது. வீட்டில் என் மனைவி, "ஏன் உர்ருனு இருக்கீங்க?" என்று கேட்டால் உண்மையைச் சொல்ல முடியுமா?

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஆறு சிலிண்டருக்குப் புதிய ஆர்டர் எடுப்பதை நிறுத்தியது. இனி புதிதாக வராது. இருக்கிற டெமோ வண்டியை விலை குறைத்து விற்றுவிடச் சொல்லிக் கடிதம் வந்தது. ஹாஜா சார் அதைப் படித்துக் காட்டியபோது என் வீட்டு ஜப்தி நோட்டீஸைப் படித்ததுபோல இருந்தது. யாரோ ஒருவன் வந்து ஓட்டிப் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டு போகப் போகிறான். அவனுக்கு ஓட்டிக் காட்ட வேண்டியவனும் நானே.

அந்த யாரோ ஒருவன் பன்னீர்செல்வமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

பன்னீர் என்னோடு நீடாமங்கலத்தில் பத்தாவது வரை படித்தவன். அவன் அப்பா எங்கள் நிலத்தில் வேலை பார்த்தவர். எங்கள் நிலம் என்றால் பெரிய பண்ணை இல்லை, ஆறு மா, இரண்டு ஏக்கர் தேறும். ஆனால் ஆறு மா வைத்திருப்பவனுக்கு வருகிற மிடுக்கு ஆறு வேலி வைத்திருப்பவனுக்கு வராது. நான் கடைசி பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அழுது இடம் மாறியவன். அதை நினைத்து வெட்கப்பட எனக்கு முப்பது வருஷம் ஆனது. அவன் அதற்குள் சவூதியில் வெல்டராக இருந்து திரும்பி, கடனில் ஒரு அறுவடை மெஷின் வாங்கி, அது பதினொன்றாகிவிட்டது. எங்கள் ஆறு மாவையும் அவன் மெஷின்தான் அறுத்தது.

பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூட அவன் மனைவி மல்லிகா.

"வாங்க சார், வணக்கம்" என்றேன், விதிப்படி.

"என்னடா கோபாலு, சார் மோருங்கற" என்று அவன் தோளில் தட்டினான். "அந்த ஆறு சிலிண்டர் ஒண்ணு நிக்குதாமே. அதப் பாக்கத்தான் வந்தேன்."

முதலில் டீசலை எடுத்தோம். எல்லாம் முறைப்படி. வல்லத்தில் வண்டியை வாங்கிக்கொண்டான். நன்றாக ஓட்டினான், நன்றாக ஓட்டுவான் என்று நான் நினைத்ததைவிட நன்றாக. கேட்ட கேள்விகள் இன்னும் மோசம். "இதுல புகைக் கரிய வடிகட்டி உள்ளயே எரிக்குதே, டவுனுக்குள்ளயே ஓட்டினா அடைச்சுக்காது?" என்றான். பதினொரு வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே கஸ்டமர். எனக்கு அதற்குப் பாதி பதில்தான் தெரியும். டேங்க் எத்தனை லிட்டர் என்று சொன்னேன்.

ஷோரூமுக்குத் திரும்பி ஆறு சிலிண்டருக்கு மாறினோம். ஸ்டார்ட் செய்தான். அந்தக் கனைப்பு. அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பதினொரு மெஷின்களின் இரைச்சலில் காது காய்த்துப்போன மனிதன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"அடேயப்பா" என்றான் மெதுவாக.

அவ்வளவுதான். பைபாஸில் இதை மிதிக்க விட்டால் மாலைக்குள் முன்பணம் கட்டிவிடுவான். நான் அந்த நொடியில் முடிவு செய்தேன். ஹாஜா சார் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். அவர் பலகையில் வடவாற்றங்கரைச் சாலை முழுக்கச் சிவப்பாக இருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன். உளுந்து அறுவடை. பறித்த செடியைச் சாலை அகலத்துக்கும் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் டிராக்டரும் மிதித்து மணியை உதிர்த்துக் கொடுக்கும். உயரமான வண்டிகளுக்கு ஆபத்தில்லை. தரையோடு தரையாகப் போகும் செடான், வேகம் போக முடியாமல், அடிவயிற்றில் செடி உரச ஊர்ந்துதான் போக வேண்டும். எந்த எஞ்சினும் மாட்டு வண்டியாகிவிடும்.

"பைபாஸ்ல எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும் பன்னீரு. நீ தெனம் போற ரோட்டுல ஓட்டிப் பாரு. கரையோரமாப் போவோம்" என்றேன்.

"அதுவும் நியாயந்தான்" என்றான். அவன் அப்படி நம்பியதில்கூட எனக்கு ஒரு எரிச்சல்.

நான் நினைத்தபடியே நடந்தது. முதல் கிலோமீட்டரிலேயே முழங்கால் உயரத்துக்கு உளுந்துச் செடி. வண்டி இருபதில் ஊர்ந்தது. கீழே சரசரவென்று சத்தம். மூன்று லிட்டர் எஞ்சின் ஆற்றாமையோடு முனகியது. நான் புன்னகையை அடக்கிக்கொண்டு, "பவர் இருந்து என்ன, நம்ம ரோட்டுக்கு இதான்" என்று அனுதாபப்பட்டேன். எஞ்சின் பேசும்போது பேசக் கூடாது என்பதை மறந்தேன்.

அப்போது தீய்ந்த வாசனை வந்தது. பானட்டின் ஓரத்திலிருந்து இழை போல வெள்ளைப் புகை.

காய்ந்த செடி அடியில் சுருண்டு புகைபோக்கிக் குழாயில் சுற்றியிருக்கிறது என்று எனக்கு உடனே புரிந்தது. என் கார். என் கருநீலம். "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன்.

பன்னீர் நிறுத்தவில்லை. "இங்க நிறுத்தினா உளுந்தும் போயிரும், வண்டியும் போயிரும்" என்றான். குரல்கூட மாறவில்லை. வண்டியை அப்படியே உருட்டி, செடி முடிகிற இடத்தில் இருந்த கட்டாந்தரைக்குக் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தான். "மல்லிகா, எறங்கித் தள்ளிப் போ. கோபாலு, தண்ணி கொண்டா."

ஆற்றில் தண்ணீர் ஏது பங்குனியில்? உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியின் குடிதண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டான். அந்தப் பெண்ணின் அரிவாளால் செடியை அறுத்து அறுத்து வெளியே எறிந்தான். நனைத்த சாக்கை நான் நீட்டினேன். ஒரு முறை உஸ்ஸென்று ஆவி வந்தது, புகை நின்றது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க மண், முழங்கையில் சின்னத் தீக்காயம். "மெஷின்ல வாரத்துக்கு ஒரு தடவ இப்படித்தான்டா. ஷாஃப்ட்ல வைக்கோல் சுத்திக்கும்" என்றான், ஏதோ சட்டையில் டீ கொட்டியதுபோல.

குடத்துக்குச் சொந்தக்காரி காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "நல்ல கனமான வண்டியால்ல இருக்கு" என்றாள். "போன எடமெல்லாம் மணி சுத்தமா உதுந்துருச்சு. இன்னும் ஒரு நடை போயிட்டு வாங்களேன்."

"இதுக்கு வயிறு கீழ எறங்கிக் கெடக்கும்மா. டிராக்டர் அனுப்பறேன்" என்றான் பன்னீர். அனுப்பவும் செய்தான்; அங்கேயே போனில் சொன்னான்.

நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காரைக் காப்பாற்றத் தெரியாதவன் நான். அதைப் பற்றவைக்கப் பார்த்தவனும் நான். அவன் மேல் நன்றி வர வேண்டிய இடத்தில், மண்ணில் படுக்கத் தயங்காத அந்த முதுகின் மேல் பொறாமை வந்தது. மனித மனம் என்ன எஞ்சினில் ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

திரும்பும்போது ஹாஜா சார் வாசலில் நின்றிருந்தார். பன்னீரின் சட்டையைப் பார்த்தார். பன்னீரே, "ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் செடி மாட்டிக்கிச்சு" என்றான். ஹாஜா சார் அவனை உள்ளே அழைத்துப்போய் முழங்கைக்கு மருந்து போட்டு, டீ கொடுத்து, வழியனுப்பிவைத்தார். பிறகு கேட்டார்.

"எந்த ரூட்ல போனீங்க கோபால்?"

"கஸ்டமர் கரையோரமாப் போகணும்னாரு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கைக்குட்டையை எடுக்கவில்லை. நேராகப் பலகைக்குப் போய், சிவப்புப் பேனாவை எடுத்து, ஏற்கெனவே சிவப்பாக இருந்த வடவாற்றங்கரைக் கோட்டின் மேல் இன்னொரு முறை, நிதானமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தார். மூடியை மாட்டினார். அறைக்குப் போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் அந்த வருஷமே மறந்திருப்பேன்.

மூன்றாம் நாள் பன்னீர் போன் செய்தான். டீசலையே எடுத்துக்கொள்கிறேன் என்றான். நான் ஜெயித்துவிட்டேன். போனை வைத்துவிட்டு நேரே ஆறு சிலிண்டரிடம் போய் அதன் கதவில் கைவைத்து நின்றேன். என் ஜெயம் இரண்டு மாதம் நீடித்தது. அதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல், போனில் படம் பார்த்தே திருச்சிக்காரர் ஒருவர் வாங்கினார். கொண்டுபோய் ஒப்படைத்தவன் நான்தான். பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

ஆனால் அது பெரிய அடி இல்லை. பன்னீர் டீசலை எடுக்க வந்த நாளில்தான் பெரிய அடி விழுந்தது. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பட்டுத்துணி விலக்கி, போட்டோ எடுத்து முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தான்.

"ஏன்டா பெருச விட்டுட்ட?" என்று கேட்டேன். செடி மாட்டியது, வயிறு தாழ்ந்தது என்று சொல்வான் என்று காத்திருந்தேன்.

"எனக்குப் பெருசுதான்டா புடிச்சிருந்துச்சு" என்றான். "அன்னைக்கு நெருப்புன்னதும் ஓம் மூஞ்சியப் பாத்தேன். புள்ளைக்கு அடிபட்ட மாதிரி நின்ன. அது ஓம் வண்டிடா. ஒருத்தன் உசுரா வெச்சிருக்கறத எப்படி வாங்கிட்டுப் போறது?"

பொறாமைக்காரனுக்கு வாய்க்கும் தண்டனைகளிலேயே கொடியது, பொறாமைப்பட்டவன் நல்லவனாக இருந்து தொலைப்பது. பணம், மெஷின், நிதானம் என்று எத்தனையோ விஷயங்களில் அவன் என்னைத் தாண்டிப் போயிருந்தான். எதையாவது சொல்லித் தேற்றிக்கொள்வேன். பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டால் எங்கே போவது? அவன் எனக்காக விட்டுக்கொடுத்தான். நான் அவனைக் கெடுக்கக் கரைச் சாலைக்கு அழைத்துப்போனேன். அந்தக் கணக்கு மூன்று வருஷம் என் தூக்கத்தைத் தின்றது. ஓய்வு பெறும் விழாவில் மாலையைப் போட்டுக்கொண்டு நிற்கும்போதும் அதுதான் ஓடியது.

போன தை மாதம் நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணம். இன்றைக்கு எப்படியும் பன்னீரிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அவன் வரவில்லை, தை பிறந்தால் அறுவடை மெஷின்காரனுக்கு ஏது கல்யாணம்? மல்லிகா மட்டும் வந்திருந்தாள். பந்தியில் பக்கத்து இலை. சாம்பார் முடிவதற்குள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"தங்கச்சி, ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுல கெடக்கு. பன்னீரு அந்தப் பெரிய எஞ்சின் காரை வாங்காமப் போனதுக்கு நான்தான் காரணம்."

"தெரியும்ணே" என்றாள் அவள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பன்னீருக்குத் தெரியுமா?"

"அவருதான மொதல்ல சொன்னாரு. ஏ.சி. போட்ட ஒடனே கருவாட்டுக் கொழம்பு வாசம் குபுக்குன்னு வந்துச்சுல்ல. ஓங்க சட்டையிலயும் அதே வாசம்னாரு. தெனம் கோபாலு இதுக்குள்ள உக்காந்து சோறு தின்னுருக்கான்னாரு. சீட்டெல்லாம் ஏறிப்போச்சு, சோப்புப் போட்டாலும் போவாதுன்னாரு."

பத்து மாதம், மதியம் ஒன்றேகாலிலிருந்து ஒன்றே முக்கால்வரை, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, ஆறு சிலிண்டரின் பின்சீட்டில்தான் என் டிபன் பாக்ஸைத் திறப்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். கையில் எடுத்த சோறு இலைக்குத் திரும்பியது.

"இல்லம்மா" என்றேன் பலவீனமாக. "என் உசுரான வண்டிய எடுக்க மனசு வரலேன்னு என்கிட்ட சொன்னானே."

மல்லிகா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"கூடப் படிச்சவன்ட்ட இதப் போயி எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டே கெடந்தாரு. அப்பறம் எதையோ ஒண்ணு நல்லதாச் சொல்லிட்டு வந்துட்டேன்னாரு. நீங்க நம்பிட்டீங்களாண்ணே?"